டாஸ்க் வரவில்லையா? காத்திருப்பதா, சேர்த்து வைப்பதா, வேறு திட்டத்துக்குப் போவதா

நம் கணினியின் சும்மா இருக்கும் நேரத்தை அறிவியல் ஆய்வுத் திட்டங்களுக்குக் கொடுக்கும் மென்பொருள் பாயிங்க் (BOINC), அந்தத் திட்டங்கள் நமக்கு அனுப்பும் கணக்கீட்டு வேலைத் துண்டுதான் டாஸ்க். பாயிங்க் ஓட்டுகிற எல்லோருக்கும் இந்த நாள் வரும். கணினி சும்மா நிற்கிறது, டாஸ்க் பட்டியல் காலி, ஈவென்ட் லாக்கை (நிகழ்வுப் பதிவை) திறந்தால் அனுப்ப டாஸ்க் இல்லை என்கிற அதே வரி திரும்பத் திரும்ப. புரதமோ பல்சர் விண்மீனோ பருவநிலையோ, மனசுக்குப் பிடித்துத்தான் ஒரு திட்டத்தில் சேர்ந்திருப்போம், அது வறண்டு போனால் வருத்தமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த வருத்தத்தில் எடுக்கிற முடிவுகள் பல சமயம் அந்தத் திட்டத்துக்கே பாரமாகிவிடுகின்றன. என்னென்ன வழிகள் இருக்கின்றன, எது யாருக்குப் பொருந்தும் என்று பார்ப்போம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெரும்பாலானவர்களுக்கு, முன்கூட்டியே இறக்கி வைக்கும் டாஸ்க் கையிருப்பைக் குறைவாக வைத்துக்கொண்டு, பங்கு பூஜ்யம் கொடுத்த ஒரு துணைத் திட்டத்தைச் சேர்த்துக்கொள்வதுதான் நல்லது.

அதற்கு முன், இது உண்மையிலேயே பஞ்சம்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அநேகமாக எல்லாத் திட்டத்தின் தளத்திலும் சர்வர் நிலையைக் காட்டும் பக்கம் ஒன்று இருக்கும், அதில் அனுப்பத் தயாராக எத்தனை டாஸ்க் உள்ளது என்ற எண் இருக்கும். அது ஆயிரக்கணக்கில் இருந்தும் உங்களுக்கு வரவில்லை என்றால் சிக்கல் வேறு இடத்தில். அவை ஜிபியு (கிராஃபிக்ஸ் செயலி) டாஸ்க்குகளாக இருக்கலாம், உங்களிடம் சிபியு (மையச் செயலி) மட்டும் இருக்கலாம். வட்டிலோ ராமிலோ பாயிங்க்குக்கு நீங்கள் கொடுத்த அனுமதி போதாமல் இருக்கலாம். செர்ன் இயற்பியல் ஆய்வகத்தின் திட்டமான எல்எச்சி@ஹோமின் சில பயன்பாடுகளுக்கு, கணினிக்குள் இன்னொரு கணினிபோல ஓடும் விர்ச்சுவல்பாக்ஸ் என்ற மென்பொருள் வேண்டும், அது நிறுவப்படாமல் இருக்கலாம். அடுத்தடுத்து பல டாஸ்க் பிழையில் முடிந்திருந்தால் சர்வரே உங்கள் கணினிக்கு ஒரு நாளைக்கு அனுப்பும் அளவைக் குறைத்துவிடும். எப்போதோ ‘நோ நியூ டாஸ்க்ஸ்’ (புதிய டாஸ்க் வேண்டாம்) அழுத்திவிட்டு மறந்திருக்கவும் கூடும்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. பாயிங்க் சர்வரில் ஃபீடர் என்று ஒரு நிரல் ஓடுகிறது. தரவுத்தளத்திலிருந்து டாஸ்க்குகளை எடுத்து ஒரு சிறிய நினைவகப் பகுதியில் அடுக்கி வைப்பது அதன் வேலை, வழக்கமாக அதில் 100 இடங்கள்தான். நாம் கேட்கும்போது சர்வர் அந்த இடங்களிலிருந்துதான் எடுத்துக் கொடுக்கும். ஒரே நேரத்தில் நிறைய பேர் கேட்டுவிட்டால் இடங்கள் காலியாகி, பின்னால் லட்சம் டாஸ்க் இருந்தாலும் நமக்கு ‘இல்லை’ என்று பதில் வரும். கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். அதைப் பார்த்துப் பதறி எதையும் மாற்ற வேண்டியதில்லை.

சரி, பஞ்சம் உண்மைதான் என்று வைத்துக்கொள்வோம். எந்த வகைப் பஞ்சம்?

சில திட்டங்களின் இயல்பே விட்டு விட்டு வருவதுதான். எல்எச்சி@ஹோமில் சிக்ஸ்டிராக் என்ற பயன்பாட்டை ஓட்டியவர்களுக்குத் தெரியும், செர்ன் முடுக்கியில் துகள் கற்றை நிலையாகச் சுற்றுமா என்று பார்க்க ஆய்வாளர் யாராவது ஒரு தொகுதியைப் போடுவார், வெள்ளமாக வரும், முடிந்ததும் சத்தமே இருக்காது. பருவநிலையைக் கணிக்கும் கிளைமேட்பிரெடிக்ஷனிலும் புரதங்களை ஆராயும் ரொசெட்டா@ஹோமிலும் இப்படி வறண்ட காலங்கள் உண்டு. இன்னொரு வகை, ஆட்கள் திடீரென்று குவிவது. 2020 மார்ச்சில் கொரோனா ஆய்வுக்கு உதவ லட்சக்கணக்கானோர் புரத மூலக்கூறுகளின் அசைவை ஆராயும் ஃபோல்டிங்@ஹோமில் சேர்ந்தார்கள், அதன் மொத்த வேகம் ஒரு எக்ஸாஃப்ளாப்பை (நொடிக்குப் பத்தாயிரம் கோடி கோடி கணக்கு) தாண்டியது, அதே வாரங்களில் பலருடைய கணினி வேலை கிடைக்காமல் நின்றது. டாஸ்க் தயாரிப்பவர்களும் சர்வர்களும் அந்த வேகத்துக்கு ஈடு கொடுக்க முடியவில்லை. மூன்றாவது, நிர்வாகம் கை மாறுவது: வேர்ல்ட் கம்யூனிட்டி கிரிட் என்ற திட்டத்தை 2004இல் தொடங்கிய ஐபிஎம், 2021இல் அதை கனடாவின் கிரெம்பில் ஆய்வு நிறுவனத்திடம் ஒப்படைத்தது, அடுத்த ஆண்டு புதிய இடத்துக்கு மாற்றும் வேலையில் மாதக்கணக்கில் டாஸ்க் வரவில்லை. கடைசி வகை, திரும்பி வராதது. வேற்றுலக அறிவுயிர்களின் ரேடியோ சிக்னலைத் தேட 1999 மே மாதம் தொடங்கிய செட்டி@ஹோம் 2020 மார்ச் 31 அன்று புதிய டாஸ்க் அனுப்புவதை நிறுத்தியது, கிடைத்ததை ஆராய்ந்து முடிக்க வேண்டிய கட்டம் அது. நம் பால்வீதியை ஆராயும் மில்கிவே@ஹோமும் 2023இல் தன் ஜிபியு பயன்பாட்டை முடித்துக்கொண்டது, சிபியு வேலை தொடர்ந்தது.

இந்த நான்கிலும் பொதுவாக ஒன்று இருக்கிறது. தட்டுப்பாடு கணினிக்கு இல்லை. டாஸ்க்கைத் தயாரிக்கும் ஆய்வாளர், அதை அனுப்பும் சர்வர், வந்த விடையைப் படித்து அடுத்த கேள்வியை எழுப்பும் மூளை, இவற்றில்தான் தட்டுப்பாடு. நம் பக்கத்தில் என்ன செய்தாலும் புதிய வேலை பிறக்காது. ஆனால் நாம் செய்வது இருக்கிற வேலையைத் தாமதப்படுத்தலாம், அல்லது தாமதப்படுத்தாமல் இருக்கலாம். ஒவ்வொரு வழியையும் நான் இந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன்.

முதல் வழி, ஒன்றும் செய்யாமல் காத்திருப்பது. இதைச் சோம்பேறித்தனம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள், நான் அப்படி நினைக்கவில்லை. பாயிங்க் தானாகவே கேட்டுக்கொண்டிருக்கும். ‘இல்லை’ என்று பதில் வர வர, அடுத்த முறை கேட்கும் இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போகும், அதிகபட்சம் ஒரு நாள் வரைகூட. இதில் ஒரு குறை உண்டு. நீங்கள் நீண்ட இடைவெளியில் இருக்கும்போது ஒரு சின்னத் தொகுதி வந்து சில மணி நேரத்தில் தீர்ந்துவிட்டால், உங்களுக்குக் கிடைக்காது. அதனால்தான் சிலர் அப்டேட் பொத்தானை அழுத்திக்கொண்டே இருக்கிறார்கள், சிலர் நிமிடத்துக்கு ஒரு முறை தானே அழுத்தும்படி ஸ்கிரிப்ட் எழுதுகிறார்கள். ஒரு நாளைக்கு ஓரிரு முறை அழுத்துவதில் தப்பில்லை, அழுத்தினால் அந்த இடைவெளி கலைந்து உடனே கேட்கும். ஸ்கிரிப்ட் மட்டும் வேண்டவே வேண்டாம். இரண்டு கோரிக்கைக்கு நடுவில் இவ்வளவு நேரம் இருக்க வேண்டும் என்று திட்டங்கள் வரம்பு வைத்திருக்கின்றன, அதற்குள் கேட்டால் ‘இப்போதுதானே கேட்டாய்’ என்று திருப்பி அனுப்பிவிடும். ஏற்கெனவே திணறுகிற சர்வருக்குக் கூடுதல் சுமை, நமக்கும் ஒரு பயனும் இல்லை.

காத்திருக்கும்போது கணினியை அணைத்துவிடுவதும் நல்ல முடிவுதான். இந்த ஏற்பாடே வேறு வேலைக்காக ஓடிக்கொண்டிருக்கும் கணினியின் மிச்ச நேரத்தைப் பயன்படுத்தத்தான் வந்தது. டாஸ்க் வருமா வருமா என்று இரவெல்லாம் வெறுமனே விழித்திருக்கும் இயந்திரம் யாருக்கும் உதவுவதில்லை, மின்சாரம்தான் போகும். ஒரே ஒரு திட்டத்தின் மேல்தான் அக்கறை, வேறு எதிலும் மனம் ஒட்டவில்லை என்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

இரண்டாவது, கிடைக்கும்போது நிறைய இழுத்து வைத்துக்கொள்வது. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும், ஏனென்றால் பஞ்சம் என்றதும் பலர் முதலில் கை வைப்பது இதில்தான். பாயிங்க் அமைப்பில் கையிருப்புக்கு இரண்டு எண்கள் உண்டு: குறைந்தபட்சம் எத்தனை நாள் வேலை, அதற்கு மேல் கூடுதலாக எத்தனை நாள். நாம் எதையும் தொடாவிட்டால் இவை 0.1, 0.5 என்று இருக்கும். சிலர் இதை 10 நாள் வரை ஏற்றிவிடுகிறார்கள்.

என்ன நடக்கிறது என்று ஒரு டாஸ்க்கைப் பின்தொடர்ந்து பார்ப்போம். பல திட்டங்களில் ஒரே வேலையை இரண்டு கணினிகளுக்கு அனுப்பி, இரு விடையும் ஒத்துப்போனால்தான் ஏற்றுக்கொள்வார்கள். உங்கள் ஜோடிக் கணினி மூன்று மணி நேரத்தில் முடித்து அனுப்பிவிட்டது. உங்களுடையது கையிருப்பில் எட்டாவது நாள் தன் முறைக்காகக் காத்திருக்கிறது. அந்த எட்டு நாளும் ஜோடிக்காரரின் விடை சர்வரில் ‘நிலுவை’ என்று கிடக்கும், செய்த வேலைக்கான புள்ளி அவருக்கு வராது, உள்ளீட்டுக் கோப்பை அழிக்க முடியாது, வட்டு நிரம்பும். இடையில் உங்கள் கணினி பழுதாகிவிட்டால் கெடு முடியும் வரை காத்திருந்து, மூன்றாவது ஒருவருக்கு அதை மறுபடி அனுப்புவார்கள். தொகுதியில் கடைசி டாஸ்க் வந்து சேர்ந்தால்தான் ஆய்வாளரால் அடுத்த கட்டத்தைத் தொடங்க முடியும் என்றால், அடுத்த தொகுதி தாமதமாவதற்கு நம் கையிருப்பே காரணம். பஞ்சத்துக்குப் பயந்து சேர்த்து வைப்பது பஞ்சத்தை நீட்டுகிறது, முதலுக்கே மோசம்.

ஃபோல்டிங்@ஹோமில் இது இன்னும் வெளிப்படையாகத் தெரியும். அங்கே ஒரு மூலக்கூறின் அசைவு பல துண்டுகளாக வெட்டப்பட்டிருக்கும், ஒரு துண்டின் விடை வந்த பிறகுதான் அது முடிந்த இடத்திலிருந்து அடுத்த துண்டு உருவாகும். ஒருவர் ஒரு துண்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் அந்தச் சங்கிலியே நின்றுபோகும். அதனால்தான் சீக்கிரம் திருப்பித் தந்தால் கூடுதல் புள்ளி என்று வைத்திருக்கிறார்கள், நாள்கணக்கில் கையிருப்பு வைக்கும் வசதியே அங்கே இல்லை.

கையிருப்புக்கு ஒரு நியாயமும் இல்லை என்று சொல்ல மாட்டேன். இணையம் அடிக்கடி அறுந்துபோகும் இடத்தில் இருப்பவர்களுக்கு ஒன்றிரண்டு நாள் கையிருப்பு அவசியம். செட்டி@ஹோமில் வாரா வாரம் செவ்வாய்க்கிழமை சர்வரைப் பராமரிப்புக்காக நிறுத்துவார்கள், அந்த நேரத்தைத் தாண்டுவதற்கு ஒரு நாள் கையிருப்பு வைத்ததும் புரிந்துகொள்ளக் கூடியதே. தெரிந்த, குறுகிய இடைவெளிக்கு அது சரி. எப்போது முடியும் என்றே தெரியாத பஞ்சத்துக்கு அது பொருந்தாது, பத்து நாள் கையிருப்பு பதினோராவது நாள் தீர்ந்துவிடும், அதற்குள் செய்த இடைஞ்சல்தான் மிச்சம்.

மூன்றாவது வழி, பல திட்டங்களில் சேர்ந்து எல்லாவற்றுக்கும் சமமான பங்கு கொடுப்பது. ஒவ்வொரு திட்டத்துக்கும் ரிசோர்ஸ் ஷேர் (கணினி நேரத்தில் அதன் பங்கு) என்ற எண் உண்டு, ஆரம்பத்தில் 100. மூன்று திட்டம் மூன்றுக்கும் 100 என்றால் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு. எல்லாத் துறையும் பிடிக்கும், எது ஓடினாலும் சந்தோஷம் என்பவருக்கு இதைவிட நிம்மதியான ஏற்பாடு இல்லை.

புதிதாக வருபவர்களைக் குழப்புகிற ஒன்று இதில் உண்டு. பாயிங்க் இந்தப் பங்கை அன்றன்றைக்குப் பார்ப்பதில்லை, சமீப காலத்தில் யார் எவ்வளவு செய்தார்கள் என்ற கணக்கை வைத்திருக்கிறது, பழைய வேலையின் எடை பத்து நாளுக்கு ஒரு முறை பாதியாகும். ஒரு மாதமாக வறண்டிருந்த திட்டம் திரும்ப வரும்போது, அதற்குத்தான் நிறைய பாக்கி என்று நினைத்து பாயிங்க் சில நாள் கிட்டத்தட்ட முழுக் கணினியையும் அதற்கே கொடுத்துவிடும். ‘என் மற்ற திட்டங்களுக்கு டாஸ்க்கே வரவில்லை’ என்று அப்போது பயப்பட வேண்டாம், பழுது ஒன்றும் இல்லை, கணக்கு நேராகிறது. முக்கியமான திட்டம் திரும்பும்போது அதற்கே முன்னுரிமை வேண்டும் என்பவருக்கு இது அனுகூலமும்கூட. ஆனால் சமப் பங்கோடு பெரிய கையிருப்பும் வைத்திருந்தால் காரியம் கெட்டுவிடும். வறண்ட காலத்தில் மற்ற திட்டங்களின் டாஸ்க் வந்து கையிருப்பை நிரப்பியிருக்கும், உங்கள் பிரியமான திட்டத்தில் சின்னத் தொகுதி வரும் அந்த நாளில், கையில் போதுமான வேலை இருக்கிறது என்று பாயிங்க் கேட்காமலே இருந்துவிடும்.

நான்காவதுதான் நான் பரிந்துரைப்பது. துணைத் திட்டம் ஒன்றைச் சேர்த்து அதன் ரிசோர்ஸ் ஷேரை 0 என்று வைப்பது. பூஜ்யம் என்றால் ஒன்றும் ஓடாது என்று நினைத்துப் பலர் இதைத் தொடுவதே இல்லை. பாயிங்க்கில் அந்த எண்ணுக்குத் தனி நடத்தை: வேறு எந்தத் திட்டத்திலும் வேலை கிடைக்காமல் ஒரு சிபியு கருவோ (core) ஜிபியுவோ சும்மா இருந்தால் மட்டும் அங்கிருந்து கேட்கும், அதுவும் சும்மா இருப்பதை நிரப்புகிற அளவுக்கு மட்டும், நாள்கணக்கில் சேர்க்காது. முக்கியத் திட்டத்தில் வேலை வந்ததும் துணைத் திட்டத்திடம் கேட்பதை நிறுத்திவிடும், பாக்கிக் கணக்கும் சேராது. பஞ்சம் எத்தனை நாள் நீடித்தாலும் நீங்கள் எதையும் மாற்ற வேண்டியதில்லை.

இந்த எண்ணை உங்கள் கணினியில் உள்ள பாயிங்க் மேனேஜரில் மாற்ற முடியாது, துணைத் திட்டத்தின் தளத்தில் உங்கள் கணக்குக்குள் போய் அந்தத் திட்டத்துக்கான விருப்பங்களில் மாற்ற வேண்டும். மாற்றிச் சேமித்த பிறகு மேனேஜரில் அந்தத் திட்டத்தைத் தேர்ந்து ஒரு முறை அப்டேட் அழுத்துங்கள், அப்போதுதான் கணினிக்குப் புதிய எண் வந்து சேரும். முதல் முறை சேரும்போது 100 என்ற கணக்கில் ஏற்கெனவே சில டாஸ்க் இறங்கியிருக்கும், அவற்றை ரத்து செய்யாமல் முடிய விடுங்கள்.

துணையாக எதைத் தேர்ந்தெடுப்பது? இரண்டைப் பார்த்தால் போதும், வேலை தொடர்ந்து கிடைக்க வேண்டும், டாஸ்க் சிறியதாக இருக்க வேண்டும். தொடர்ந்து கிடைப்பதற்கு ஐன்ஸ்டைன்@ஹோம் நல்ல பெயர் பெற்றது. 2005இல் தொடங்கியது, ஈர்ப்பலைத் தரவிலும் தொலைநோக்கித் தரவிலும் சுழலும் நியூட்ரான் விண்மீன்களைத் தேடுகிறது, 2010இல் தன்னார்வலர்களின் கணினிகள் வழியாகவே ஒரு புதிய பல்சரைக் கண்டுபிடித்தது. சிபியு, ஜிபியு இரண்டுக்கும் வேலை உண்டு. பிரைம்கிரிட் பகா எண்களைத் தேடுகிறது, சோதிக்க வேண்டிய எண்கள் தீரவே தீராது என்பதால் அங்கே பஞ்சம் என்ற பேச்சுக்கே இடமில்லை, ஆனால் அதில் பல துணைத் தேடல்கள் உண்டு, சிலவற்றில் ஒரு டாஸ்க் பல நாள் ஓடும், துணையாக வைப்பதென்றால் சின்ன டாஸ்க் உள்ளதைத் தேர்ந்துகொள்ளுங்கள். கிளைமேட்பிரெடிக்ஷனைத் துணையாக வைக்காதீர்கள். அருமையான திட்டம்தான், ஆனால் ஒரு டாஸ்க் நாள்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் ஓடும், முக்கியத் திட்டம் திரும்பிய பிறகும் அது கணினியைப் பங்கு கேட்டுக்கொண்டே இருக்கும்.

புள்ளிக் கணக்கு கலைந்துவிடுமே என்று தயங்குபவர்களும் உண்டு. ஒரே மின்னஞ்சல் முகவரியில் எல்லாத் திட்டத்திலும் பதிவு செய்தால் புள்ளிவிவரத் தளங்கள் உங்களை ஒரே ஆளாகவே சேர்த்துக் காட்டும், முக்கியத் திட்டத்தில் நீங்கள் சேர்த்தது அப்படியே இருக்கும்.

ஃபோல்டிங்@ஹோமுக்குப் போகலாமா என்று பலர் கேட்கிறார்கள். மருத்துவ ஆய்வுதான் மனசுக்கு நெருக்கம் என்றால் தாராளமாகப் போகலாம், ஆனால் பாயிங்க்குக்குத் துணையாக அது அவ்வளவு வசதியாக அமையாது. அதன் மென்பொருள் தனி, பாயிங்க் சும்மா இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது, இரண்டும் ஒரே சிபியுவுக்குப் போட்டி போடும், இரண்டும் மெதுவாகும், சீக்கிரம் தந்தால் கிடைக்கும் கூடுதல் புள்ளியும் போகும். ஜிபியுவை ஃபோல்டிங்குக்கும் சிபியுவை பாயிங்க்குக்கும் என்று பிரித்துவிட்டால் ஒழுங்காக ஓடும். ஜிபியு டாஸ்க் வேலைக்கும் சிபியு கொஞ்சம் வேண்டும், ஒரு கருவை ஒதுக்கி வைத்துவிடுங்கள். மில்கிவேயில் ஜிபியு வேலையை இழந்தவர்களுக்கு இது நல்ல ஏற்பாடு.

எதையும் கவனிக்க நேரமே இல்லை என்பவருக்கு சயின்ஸ் யுனைடெட் இருக்கிறது, பாயிங்க்கை உருவாக்கிய டேவிட் ஆண்டர்சனின் முயற்சி. திட்டங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டாம், துறையைச் சொன்னால் போதும், எந்தத் திட்டத்துக்கு உங்கள் கணினி போக வேண்டும் என்று அது பார்த்துக்கொள்ளும். குறிப்பிட்ட ஒரு திட்டத்தின் மேல் பற்று உள்ளவர்களுக்கும் அணி, புள்ளி என்று ஆர்வம் உள்ளவர்களுக்கும் இது ஒத்துவராது.

பஞ்சம் நிரந்தரம் என்று திட்டமே அறிவித்துவிட்டால், அல்லது நீங்களே விலக முடிவு செய்தால், திட்டத்தை நீக்கும் ரிமூவ் பொத்தானை நேராக அழுத்தாதீர்கள். கையில் இருக்கும் டாஸ்க் அப்படியே கைவிடப்பட்டு, கெடு முடியும்வரை சர்வரில் ‘நடப்பில்’ என்றே தொங்கிக்கொண்டிருக்கும், முடிவை நெருங்கும் திட்டத்துக்கு அந்தக் கடைசி டாஸ்க்குகள்தான் பெரிய தலைவலி. முதலில் ‘நோ நியூ டாஸ்க்ஸ்’ அழுத்துங்கள், இருப்பதை முடியுங்கள், முடிக்க முடியாததை அபார்ட் (ரத்து) கொடுத்தால் சர்வர் உடனே வேறொருவருக்கு அனுப்பிவிடும், எல்லாம் பதிவேறியதும் ஒரு முறை அப்டேட் அழுத்தி, பட்டியல் காலியான பிறகு ரிமூவ் கொடுங்கள்.